திறந்திருந்தது என்று எழுதப்பட்ட வால்வு

ஜூன் 4

சகலைக்கு,

போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை எங்கே வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நானும் உங்கள் பெரிய மைத்துனியும் மாற்றலில் இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, கதவைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். பதினாறு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன், இப்போது காலையிலும் மாலையிலும் தொட்டிக்குள் கோல் விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்கிறேன். ஐந்து தொட்டி. பத்து தடவை ஏணி ஏறி இறங்குகிறேன். முட்டி வலிக்கிறது. அது கிடக்கட்டும்.

மார்ச் 12 அன்று நடந்தது பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையின் நகல் போன வாரம்தான் கைக்கு வந்தது. மூன்று தடவை கேட்டு எழுதிய பிறகு அனுப்பினார்கள். நான்கு பக்கம், உங்கள் கையெழுத்து. இரண்டாம் தொட்டியின் அடிக்குழாயில் கேஸ்கெட் கிழிந்து டீசல் கொட்டியது என்கிறீர்கள், சரி. அது யார் குற்றமும் இல்லை என்கிறீர்கள், அதுவும் சரி. தொட்டியைச் சுற்றி இடுப்பளவு சுவர் கட்டியிருப்பதே, கொட்டினாலும் உள்ளேயே நிற்கட்டும் என்றுதான். அதுவும் சரி. மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன்: "சுவரின் அடியில் மழைநீர் வெளியேறும் வால்வு திறந்திருந்தது. முந்தைய நாள் மழைநீரை வடித்த ஷிப்ட் சூப்பர்வைசர் அதை மூடத் தவறினார்."

இந்த இரண்டு வரிதான் என்னை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது.

நான் மூடினேன். கை இறுகும்வரை வீலைச் சுற்றினேன். சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டினேன். அந்தப் பூட்டைப் பற்றி உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. வாய்க்காலில் இறங்கி வெளிக்குழாயின் வாயில் சாக்கைத் திணித்து அடைத்தது யார், மண்மூட்டை அடுக்கி எண்ணெயை மறித்தது யார், அதுவும் இல்லை.

இந்தக் கம்பெனியில் உங்களைச் சேர்த்துவிட்டவன் நான் என்பதைச் சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிவிட்டேன். போகட்டும்.

அக்காவும் தங்கையுமாகப் பெரியவளும் சின்னவளும் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசிக்கொள்கிறார்கள். நாம் இரண்டு பேர்தான் பேசவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சகலை


ஜூன் 12

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

பாதுகாப்பு அதிகாரி அறிக்கை எழுதும்போது உறவு பார்க்க முடியாது. பார்த்திருந்தால், "பார்த்துவிட்டான்" என்று ஊரே பேசியிருக்கும். நான் அங்கே வந்தபோது சுவருக்கு வெளியே இருக்கும் குழாயிலிருந்து டீசல் கொட்டிக்கொண்டிருந்தது. மூடிய வால்வில் எண்ணெய் வராது. பூட்டு இருந்தது உண்மை. திறந்திருக்கும் வால்வுக்கும் பூட்டுப் போடலாம்.

சாக்கு, மண்மூட்டை விஷயம் விடுபட்டது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அடுத்த மழைக்காலத்துக்குள் எண்ணெய்க் கசிவைத் தடுக்கவும் சமாளிக்கவும் ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார். அன்று நீங்கள் வாய்க்காலில் ஒரு பைப்பைச் சாய்த்து வைத்து அணை போட்டீர்கள். தண்ணீர் போனது, எண்ணெய் நின்றது. அதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது? முட்டிக்குச் சூடான துணி ஒத்தடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
சகலை


ஜூன் 19

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "அடிச்சவரே வந்து, மருந்து எப்படிப் போடணும்னு கேக்குறாரு. அவருக்கு நல்ல தைரியம்தான்" என்றாள். நானும் பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தேன். பிறகு, யாராவது தப்பாகச் செய்து வைப்பார்களே என்று மனசு கேட்கவில்லை.

கேளுங்கள். வாய்க்காலின் குறுக்கே மண்மூட்டை அடுக்குங்கள். அடுக்கும்போதே நடுவில் ஒரு பெரிய பைப் வையுங்கள். எண்ணெய் வரும் பக்கத்தில் இருக்கிற முனை தரையைத் தொட வேண்டும். மறுபக்க முனை நிமிர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் பைப்பில் ஏறி அந்தப் பக்கம் போகும். பைப்பே இல்லாமல் மூட்டையை மட்டும் அடுக்கினால் தண்ணீர் ஏறி, மூட்டைக்கு மேலே வழிந்து, முதலில் போவது எண்ணெய்தான். தேங்கிய எண்ணெய் மேல் மரத்தூள் தூவி, ஊறியதும் அள்ளுங்கள். ஒரு அணை போதாது. இருபது அடி தள்ளி இன்னொன்று. முதல் அணையில் தப்பியது அங்கே மாட்டும்.

இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை, கசிகிற வாயை அடைப்பது. வீட்டில் பால் பொங்கினால் முதலில் அடுப்பை அணைப்போமா, துணியைத் தேடுவோமா?

இப்போது என் கேள்வி. ஒரே கேள்வி. அன்று எல்லாரும் வாய்க்காலில் நின்றோம். சுவருக்கு உள்ளே ஏறி வால்வுக்குப் போனது நீங்கள் ஒருவர்தான். வீலைச் சுற்றிப் பார்த்தீர்களா? சுற்றியதா, சுற்றவில்லையா?

தொழிற்சாலையில் உங்களை "டிக் சார்" என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் டிக் போடுவீர்கள். இந்தக் கேள்விக்கு டிக் வேண்டாம். பதில் வேண்டும்.

சகலை


ஜூலை 2

அன்புள்ள சகலை,

பைப் விஷயத்துக்கு நன்றி. போன வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தோம். எண்ணெய்க்குப் பதிலாக மரத்தூளை வாய்க்காலில் கொட்டினோம். உங்கள் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டு ஞாபகத்தில் செய்தேன். முனையை மாற்றி வைத்துவிட்டோம். மேலாளர், கணக்கர், வாட்ச்மேன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தூள் முழுவதும் வரிசையில் நின்று பைப்பில் ஏறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக், "சார், இது எண்ணெயை அனுப்பி வைக்கிற அணை" என்றார். மறுநாள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தேன். நின்றது.

அந்த ஒத்திகைக்குக் கீரைத் தோட்டத்து அம்மாவும் வந்து நின்றார். வாய்க்கால் ஓரத்தில் பாத்தி கட்டியிருப்பவர். உங்கள் அணை எழும்புவதற்கு முன்னால் அவருடைய இரண்டு பாத்தியில் எண்ணெய் ஏறிவிட்டது, ஞாபகம் இருக்கும். ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்தாயிற்று. புது மண் போட்டாயிற்று. ஆனால் அவர் இன்னும் விதைக்கவில்லை.

"ஏம்மா விதைக்கல?" என்று கேட்டேன்.

"எண்ணெய் ஏன் வந்துச்சுன்னு சொல்லுங்க, விதைக்கிறேன்" என்றார்.

"அந்த ஆளை மாத்தியாச்சும்மா."

"ஆளை மாத்துனீங்க சரி. வால்வை மாத்துனீங்களா?"

அவர் மண்மூட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது, "அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில நின்னாரே, அவரு நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

சின்னவள் நலம். வீட்டில் குழாய் ஒழுகியது, சரிசெய்தேன். மற்றவை பிறகு.

சகலை


ஜூலை 8

சகலைக்கு,

நான்கு பாரா எழுதியிருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. வீட்டுக் குழாய் ஒழுகியதற்கு மட்டும் பதில் இருக்கிறது.

சரி, நீங்கள் சொல்லாவிட்டால் போகிறது. நான் ஒன்று சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதது, பெரியவளிடம்கூட.

வால்வை மூடிய பிறகு, வெளிக்குழாயின் வாய்க்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்று சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அது விதி. அந்த விதியை எழுதச் சொன்னதே நான்தான். அன்று நான் போகவில்லை. மழை விடவில்லை, வாய்க்கால் கரை வழுக்கியது, அறையில் டீ வந்திருந்தது. மூடியாயிற்றே, இனி என்ன என்று போய்விட்டேன்.

மூடினேன் என்பது சத்தியம். பார்க்கவில்லை என்பதும் சத்தியம். அந்தப் பெண்மணி கேட்டாரே, அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு இதை அறிக்கையில் சேர்க்க வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சகலை


ஜூலை 27

அன்புள்ள சகலை,

இந்தக் கடிதத்தை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். முதல் நான்கும் "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்தன. கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை அந்த வால்வைக் கழற்றச் சொன்னேன். மெக்கானிக்கும் நானும் ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துப் பிரித்தோம். உள்ளே ஒரு மரத்துண்டு. இரண்டு விரல் அகலம், நன்றாக ஊறிக் கறுத்துப்போனது. போன வருஷம் தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டினார்களே, அந்தப் பலகையின் சிம்பாக இருக்கலாம். வால்வின் கதவு இறங்குகிற பள்ளத்தில் குறுக்காகச் சிக்கியிருந்தது. வீலை எவ்வளவு இறுக்கினாலும் கதவு அரை விரல் தூக்கியே நிற்கிறது. நான்கு தடவை சோதித்துப் பார்த்தோம்.

மெக்கானிக் சொன்னார்: "சார், இது மூடுன வால்வுதான். மூடாத வால்வு இல்ல. மூட முடியாத வால்வு."

அவருக்கு அது புதுச் செய்தி. எனக்கு இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: வீல் சுற்றவில்லை. அன்று நான் சுவர் ஏறி உள்ளே குதித்தேன், முழங்கால்வரை டீசல். ஆணியிலிருந்து சாவியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். பூட்டைத் திறந்து, வீலை மூடுகிற பக்கமாகச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும், காலை உதைத்துக்கொண்டும் சுற்றினேன். அசையவில்லை. நீங்கள் மூடியிருக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

பிறகு ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். "மூடியிருந்தது" என்று எழுதினால் அடுத்த கேள்வி, மூடிய வால்வு ஏன் ஒழுகியது. அதற்கடுத்த கேள்வி, கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டியது என் வேலை. ஜனவரித் தாளில் மூன்று வால்வுக்கும் எதிரே என் டிக் இருக்கிறது. நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து டிக் போட்டேன்.

"திறந்திருந்தது" என்று எழுதும்போது, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மாற்றல் உத்தரவு வந்த அன்று உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். உள்ளே பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் போய்விட்டேன்.

திருத்திய அறிக்கை ஒன்று எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. மேலாளரிடம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கட்டுமா?

சின்னவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சாப்பாடு மேசைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை.

சகலை


ஆகஸ்ட் 5

சகலைக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஏணி ஏறினேன். மேலே நின்று எத்தனை அங்குலம் என்று மறந்துபோய் மறுபடி கோலை விட்டேன். கோபமா, நிம்மதியா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நான்கு மாதமாக என் கையையே நான் சந்தேகப்பட்டேன், தெரியுமா? வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன். பெரியவள், "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள். பதவி எல்லாம் அதற்கப்புறம்.

பெரியவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மடித்துத் திரும்பக் கொடுத்தாள். "தங்கச்சிகிட்ட பேசிட்டு வர்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். கொடு என்று நான் சொன்னால், நாளைக்கு நான் தள்ளிவிட்டதாக ஆகும். வேண்டாம் என்று சொல்ல நான் மகான் இல்லை. உங்கள் கால், உங்கள் படி.

ஆனால் நகலைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பாராவில் "தவறுதலாகத் திறந்திருந்தது என்று பதிவாகிவிட்டது" என்று இருக்கிறது. "தவறுதலாக" என்பதை அடித்துவிட்டேன். "பதிவாகிவிட்டது" என்பதையும் அடித்துவிட்டேன். தானாக எதுவும் பதிவாகாது. "என்று நான் எழுதினேன்" என்று போடுங்கள்.

ஐந்தாம் பாராவில் என் பங்கு இல்லை. நான் சொல்லியும் விட்டுவிட்டீர்கள். இரக்கமா? வேண்டாம். "ஷிப்ட் சூப்பர்வைசர் வால்வை மூடினார்; வெளிக்குழாயைச் சென்று பார்க்கவில்லை" என்று சேர்த்திருக்கிறேன். இதனால் எனக்கு மாற்றல் ரத்தாகாமல் போனாலும் போகட்டும். பாதி உண்மையால்தான் இவ்வளவும் ஆயிற்று.

கடைசியில் ஒன்று கேட்கிறேன். மற்ற இரண்டு தொட்டிகளின் வால்வைப் பிரித்தீர்களா?

சகலை


செப்டம்பர் 11

அன்புள்ள சகலை,

அறிக்கையை ஆகஸ்ட் 10 அன்று மேலாளரிடம் கொடுத்தேன். உங்கள் திருத்தங்கள் எல்லாம் சேர்த்து. நகல் ஒன்று இத்துடன் இருக்கிறது.

அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குக் கிளறுறீங்க?" என்றார்.

"முடியல சார். இன்னும் ரெண்டு வால்வு பிரிக்காம இருக்கு" என்றேன்.

"உங்க வேலை போகும், தெரியுமா?"

"தெரியும் சார்."

அன்றைக்கே பிரித்தோம். ஒன்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் சேறு இறுகிக் கல்லாகி, கதவு பாதிதான் இறங்கியது. அதன் மேல் ஒரு தொட்டி நிறைய டீசல் நின்றிருந்தது, அத்தனை மாதமும். மெக்கானிக் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

அடைசலை எடுக்கலாமா, புது வால்வு போடலாமா என்று பேசினோம். மெக்கானிக்தான், "ஓட்டையே எதுக்கு சார்?" என்றார். மூன்று சுவரிலும் ஓட்டையைக் கான்கிரீட் போட்டு அடைத்தாயிற்று. இனி மழைத்தண்ணீர் தேங்கினால், ஓர் ஆள் போய் மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு, பம்ப் வைத்துச் சுவருக்கு மேலாக இறைக்க வேண்டும். கஷ்டம்தான். மறந்துபோனால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், அவ்வளவுதான். எண்ணெய் வெளியே போகாது.

என்னைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை, ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். நட்டு, போல்ட்டு, சாக்கு, மரத்தூள் எல்லாம் என் பொறுப்பு. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆட்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது குறைந்திருக்கிறது. சின்னவள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை, "உப்பு போதுமா?"

கீரைத் தோட்டத்து அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மரத்துண்டு, டிக், பொய், எல்லாவற்றையும். பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்தபடி கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். "இப்ப எதைப் போட்டு அடைச்சீங்கன்னு காட்டுங்க" என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கான்கிரீட்டைச் செருப்புக் காலால் இரண்டு தடவை உதைத்துப் பார்த்தார். நேற்று அந்தப் பக்கமாகப் போனேன். இரண்டு பாத்தியிலும் விதைத்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் தொட்டிக்கு டீசல் ஏற்றும்போது ஹோஸ் வெடித்தது. சங்கு ஊதியது. நான் ஸ்டோர்ஸில் இருந்தாலும் கால் தானாக ஓடிவிட்டது. போய்ச் சேர்வதற்குள் பம்ப்பை நிறுத்திவிட்டார்கள், இரண்டு பேர் வாய்க்காலில் பைப்பைச் சரியான பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு உள்ளே கணுக்கால் அளவு டீசல். வெளியே ஒரு சொட்டு இல்லை. மதியத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள். யாரும் அதைப் பேசவில்லை.

உங்கள் மாற்றல் ரத்து உத்தரவு இந்த வாரம் வரும். எச்சரிக்கை ஒன்றும் உண்டு, வெளிக்குழாயைப் பார்க்காததற்கு. பழைய ஷிப்ட், பழைய நாற்காலி. எப்போது வருகிறீர்கள்?

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நேரில் கேட்கிறேன்.

சகலை


செப்டம்பர் 28

சகலைக்கு,

உத்தரவு வந்தது. எச்சரிக்கையும் வந்தது. இரண்டையும் ஒரே பின் குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விஷயத்தைப் பெரியவளுக்குப் படித்துக் காட்டினேன். "யாரும் பேசல" என்ற இடத்தில் நிறுத்தி, "அதான் நல்ல வேலை" என்றாள். என் வேலையைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் செய்யாத வேலைக்கு.

நான் உடனே வரவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே ஐந்து தொட்டி என்று எழுதினேன் அல்லவா? ஐந்துக்கும் சுவர், ஐந்து சுவருக்கும் அடியில் அதே மாதிரி வால்வு. கோல் விட்டு அளக்கிற ஆள் சொன்னால் யார் கேட்பார்கள்? உங்கள் திருத்திய அறிக்கையை இங்குள்ள மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "நம்ம வால்வை யாரு டிக் பண்றது?" என்று கேட்டார். அறையில் இருந்த ஓர் ஆள் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிரித்துப் பார்த்ததில் இரண்டு வால்வு மூடவே இல்லை. மூன்று சுவர் அடைத்தாயிற்று, இரண்டு பாக்கி. சிமென்ட் வேலைக்கு ஆள் வருவதும் போவதுமாக இருக்கிறது. நான் கிளம்பினால் அது அப்படியே நின்றுவிடும். ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். பொய்யாகிவிடும். குறைந்திருக்கிறது. சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். நீங்கள் அந்த அறிக்கையைக் கொடுக்காமல் இழுப்பறையில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பெரியவளுக்கு இந்த ஒரு மாதம் பொறுக்கவில்லை. உத்தரவு வந்த அன்றே பெட்டி கட்டிவிட்டாள். "நீங்க ஓட்டையை அடைச்சுட்டு நிதானமா வாங்க. நான் வீட்டைப் போய் ஒட்டடை அடிச்சு வைக்கிறேன்" என்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் ரயிலில் வந்து இறங்குவாள். சின்னவள் வேலைக்குப் போகிற நேரம் அது, அதனால் நீங்கள்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கடைசிப் பெட்டிக்கு முந்தைய பெட்டி.

உங்களோடு அவள் பேசுவதாக இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பேச்சுக்கொடுக்க வேண்டாம். சாமான் மூன்று. கனமான பெட்டியைத் தூக்க விடுவாள்.

சகலை